லிங்க் கொடுக்க அனுமதி வேண்டுமா? தளம் நடத்துபவர்களுக்கான முழு வழிகாட்டி

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்தின் பொதுப் பக்கத்துக்கு வெறும் லிங்க் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் லிங்க் என்ற பெயரில் நாம் செய்கிற வேலைகள் பல. வேறொருவர் படத்தை நம் பக்கத்துக்குள் இழுத்துக் காட்டுகிறோம். கட்டுரையின் முதல் பத்தியை எடுத்துப் போடுகிறோம். லோகோவை பட்டனாக ஆக்குகிறோம். சில சமயம், திருட்டுக் கோப்பு கிடக்கும் இடத்துக்கே வழி காட்டுகிறோம். நீதிமன்றம் வரை போன வழக்குகளைப் புரட்டினால், முகவரியோடு சேர்த்து என்ன எடுத்தார்கள், அந்த முகவரி எங்கே கொண்டுபோய் விட்டது என்ற இரண்டில் ஒன்றில்தான் சண்டை முடிந்திருக்கும். ஆகவே கீழே வரும் படிகளும் அந்த இரண்டையும் சுற்றியே வருகின்றன.

முதலில் கொஞ்சம் பின்னணி. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் வெப்பை முன்மொழிந்தபோது, லிங்க் ஒருபக்கமாகவே போகும்படி வைத்தார். நீங்கள் இங்கிருந்து அங்கே லிங்க் கொடுக்கலாம். அங்கே இருப்பவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரு பக்கமும் கையெழுத்துப் போட்டால்தான் லிங்க் என்று வைத்திருந்தால் வெப் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. லிங்க் குறித்த சட்டச் சண்டைகள் தொடங்கியதும், 1997-இல் அவரே இதைப் பற்றி எழுதினார்: ஒரு ஆவணத்தைச் சுட்டிக்காட்டுவது பேச்சுரிமையின் ஒரு பகுதி, சாதாரண லிங்க்குக்கு அனுமதி தேவை என்பது கட்டுக்கதை என்பது அவர் வாதம். சட்டமும் பல நாடுகளில் ஏறக்குறைய அந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நேர்வழியில் வரவில்லை, அவ்வளவுதான்.

படி 1: நீங்கள் கொடுப்பது எந்த வகை லிங்க்?

இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எனவே இங்கே கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

வெறும் லிங்க்: ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ அழுத்தினால் அந்தத் தளத்தின் முகப்புப் பக்கம் திறக்கிறது. இதில் சர்ச்சையே இல்லை.

ஆழ லிங்க்: முகப்பைத் தாண்டி, உள்ளே இருக்கும் கட்டுரைக்கோ பொருளுக்கோ நேராகக் கொண்டுபோவது. இன்று பெரும்பாலான லிங்க்குகள் இப்படித்தான். ஆனால் 1990-களில் இது பெரிய பிரச்சினை. முகப்பில்தான் விளம்பரம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வாசகர் உள்ளே போய்விடுகிறார் என்று தளக்காரர்கள் கொதித்தார்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் 'ஷெட்லாண்ட் டைம்ஸ்' வார இதழ் 'ஷெட்லாண்ட் நியூஸ்' என்ற இணையத்தளத்தின் மேல் வழக்குப் போட்டு, 1996-இல் இடைக்காலத் தடையும் வாங்கியது. கவனியுங்கள்: அந்தத் தளம் வார இதழின் தலைப்புகளை அப்படியே எடுத்து லிங்க்காக ஆக்கியிருந்தது. 1997-இல் இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டதால் முழுத் தீர்ப்பு வரவே இல்லை. ஆனாலும் "லிங்க் கொடுத்தால் வழக்கு வரும்" என்ற பயத்துக்கு இந்த வழக்கை இன்னும் காட்டுகிறார்கள்.

அதற்குப் பின் காற்று மாறியது. 2000-இல் அமெரிக்காவில் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் டிக்கெட்ஸ்.காம் மேல் தொடுத்த வழக்கில், லிங்க் கொடுப்பதில் நகலெடுப்பது எதுவும் இல்லை, வாசகர் உண்மையான பக்கத்துக்கே போய்ச் சேருகிறார், இது நூலகத்தின் அட்டைப் பட்டியல் போன்றது என்றார் நீதிபதி. ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2003-இல் 'பேப்பர்பாய்' வழக்கில் செய்திக் கட்டுரைகளுக்கு ஆழ லிங்க் கொடுப்பது பதிப்புரிமை மீறல் இல்லை என்றது. ஆழ லிங்க்குக்கு அனுமதி தேடி இன்று யாரும் அலைய வேண்டாம்.

உட்பொதித்தல், அதாவது எம்பெட்: இங்கேதான் தரை வழுக்க ஆரம்பிக்கிறது. படமோ வீடியோவோ பதிவோ வேறொருவர் சர்வரில் இருக்கிறது. ஆனால் வாசகர் கண்ணுக்கு உங்கள் பக்கத்திலேயே தெரிகிறது. அமெரிக்காவில் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2007-இல் பெர்ஃபெக்ட் 10 என்ற படப் பத்திரிகை நிறுவனம் தொடுத்த வழக்கில், கோப்பை யார் சர்வர் அனுப்புகிறதோ அவரே காட்சிப்படுத்துகிறார், லிங்க் கொடுத்தவர் அல்ல என்று முடிவு செய்தது. 2018-இல் நியூயார்க்கில் ஒரு மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. ட்விட்டரில் இருந்த ஒரு புகைப்படத்தை எம்பெட் செய்த செய்தித் தளங்களுக்கு எதிரான வழக்கு அது. 2023-இல் இன்ஸ்டாகிராம் தொடர்பான வழக்கில் ஒன்பதாவது வட்டம் தன் பழைய நிலைப்பாட்டையே மறுபடி உறுதி செய்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு குரல். என் கருத்து: தளம் தானே எம்பெட் பட்டன் கொடுத்திருக்கிறது, பதிவேற்றியவரும் உண்மையான உரிமையாளர்தான் என்றால் எம்பெட் செய்யுங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றால் வெறும் லிங்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃப்ரேம்: எம்பெட்டின் முரட்டு அண்ணன். அடுத்தவர் தளத்தின் முழுப் பக்கத்தையும் உங்கள் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் வைத்து, மேலே உங்கள் பெயர், ஓரத்தில் உங்கள் விளம்பரம். 1997-இல் டோட்டல்நியூஸ் என்ற தளம் இப்படிச் செய்ததற்கு வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட பெரிய ஊடகங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. ஃப்ரேமை விட்டுவிட்டு வெறும் லிங்க் மட்டும் கொடுப்பது என்று சமரசம் ஆனது. தளங்களின் கொள்கைப் பக்கங்களில் இன்றும் "லிங்க் கொடுக்கலாம், எங்கள் பக்கத்தை ஃப்ரேமுக்குள் திறக்கக் கூடாது" என்ற வரியைப் பார்க்கலாம். நியாயமான வரிதான். மதியுங்கள்.

ஹாட்லிங்க்: அடுத்தவர் சர்வரில் இருக்கும் படக் கோப்பின் முகவரியை உங்கள் பக்கத்தின் குறியீட்டில் போட்டுவிடுவது. உங்கள் வாசகர் ஒவ்வொருவருக்கும் அவர் செலவில் படம் போகிறது. சட்டம் என்ன சொன்னாலும் இது மரியாதை இல்லாத வேலை. அவர் ஒருநாள் கடுப்பாகி அதே முகவரியில் வேறு படத்தை மாற்றி வைத்தால் உங்கள் பக்கத்தில் அதுதான் தெரியும். அப்படிப் பழிவாங்கப்பட்ட தளங்கள் ஏராளம்.

படி 2: அந்தப் பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றமான ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஸ்வென்சன் வழக்கில் ஒரு நல்ல அளவுகோலைக் கொடுத்தது. சுவீடனில் சில பத்திரிகையாளர்கள், தங்கள் கட்டுரைகளுக்கு ரெட்ரீவர் என்ற நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு லிங்க் கொடுத்தது என்று வழக்குத் தொடுத்திருந்தார்கள். கட்டுரை ஏற்கெனவே இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருந்தால் லிங்க் மூலம் புதிய வாசகர் கூட்டம் உருவாவதில்லை, எனவே அனுமதி தேவையில்லை என்றது நீதிமன்றம். பூட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே விடும் லிங்க்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

நடைமுறையில் இதைச் சோதிப்பது சுலபம். பிரவுசரில் மறைநிலை (இன்காக்னிடோ) சன்னலைத் திறந்து, எங்கும் லாகின் செய்யாமல், அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். திறந்தால் சரி. கட்டணச் சுவர் வந்தாலும் தவறில்லை. சுவர் வரை வாசகரைக் கொண்டுபோய் விடுவதில் குற்றம் எதுவும் இல்லை. சுவரைத் தாண்டும் தந்திர முகவரியைக் கொடுப்பதுதான் கூடாது. கிளவுட் சேமிப்பில் "லிங்க் வைத்திருப்பவர் எவரும் பார்க்கலாம்" என்று பகிர்ந்த கோப்புகளிலும் கவனம் தேவை. தொழில்நுட்பப்படி அது திறந்திருக்கும். ஆனால் பகிர்ந்தவர் நாலு பேருக்காக அனுப்பியிருப்பார். அதைப் பொதுவில் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2021-இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொரு முடிச்சும் போட்டது. ஃப்ரேமுக்குள் காட்டுவதைத் தடுக்க உரிமையாளர் தொழில்நுட்பத் தடை வைத்திருந்தால், அதை மீறி எம்பெட் செய்ய அனுமதி வேண்டும்.

படி 3: அங்கே இருப்பது சட்டப்படி வைக்கப்பட்டதா?

நிஜமான ஆபத்து இருப்பது இந்தப் படியில்தான். நெதர்லாந்தில் ஹேன்ஸ்டைல் என்ற தளம், பிளேபாய் இதழில் வெளிவரும் முன்பே கசிந்த படங்கள் கிடந்த இடத்துக்கு லிங்க் கொடுத்தது. எடுக்கச் சொல்லி பதிப்பாளர் கேட்டும் எடுக்கவில்லை. 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இது: அங்கே இருப்பது அனுமதி இல்லாத நகல் என்று தெரிந்தே லிங்க் கொடுத்தால் அது மீறல். லாப நோக்கோடு நடத்தும் தளம் என்றால், நடத்துபவருக்குத் தெரிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளப்படும். தெரியாது என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. பொழுதுபோக்காக எழுதுபவருக்கும் விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பவருக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் இதே போக்கு உண்டு. டிவிடி பூட்டை உடைக்கும் நிரலை வெளியிட்ட '2600' என்ற ஹேக்கர் இதழ், நிரலை எடுக்க நீதிமன்றம் சொன்ன பிறகு அது கிடைக்கும் தளங்களுக்கு லிங்க் கொடுத்தது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த லிங்க்குகளுக்கும் சேர்த்தே தடையை உறுதி செய்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 52(1)(சி) பிரிவு, லிங்க் தருவதற்காக நடக்கும் தற்காலிகச் சேமிப்பை மீறலாகப் பார்ப்பதில்லை. ஆனால் உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திருந்தாலோ, திருட்டு நகல் என்று நம்பக் காரணம் இருந்தாலோ அந்த விலக்கு கிடைக்காது. ஊருக்கு ஊர் வார்த்தைகள் வேறு. ஆனால் "உனக்குத் தெரியுமா?" என்ற கேள்வி எங்கேயும் வருகிறது.

அதனால் லிங்க் கொடுக்கும் முன் யார் பதிவேற்றியது என்று பாருங்கள். புதிய திரைப்படம் முழுவதும், விலைக்கு விற்கும் புத்தகத்தின் முழு பிடிஎஃப், காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் ஆகியவை சம்பந்தமே இல்லாத பெயரில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். பதிப்பாளர் பக்கத்துக்கோ, உரிமையாளரின் சேனலுக்கோ லிங்க் மாற்றுங்கள். தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

படி 4: லிங்க்கோடு வேறு என்ன எடுக்கிறீர்கள்?

முகவரி ஒரு படைப்பே இல்லை. அதோடு ஒட்டிவரும் மற்றவை படைப்புகளாக இருக்கலாம்.

கட்டுரையின் தலைப்பைக் குறிப்பிடுவது சாதாரண வழக்கம். ஆனால் ஒருவர் தளத்தின் தலைப்புகளை நாள்தோறும் வரிசையாக உருவி உங்கள் முகப்பை நிரப்பினால் அது வேறு கதை. மேற்கோள் எடுத்தால் சுருக்கமாக எடுங்கள், அதைப் பற்றி நீங்களும் ஏதாவது சொல்லுங்கள். வாசகர் மூலக் கட்டுரைக்குப் போகத் தேவையே இல்லாதபடி முழுக்கச் சுருக்கி எழுதிவிட்டு, கடைசியில் 'நன்றி' என்று ஒரு லிங்க் போடுவதை நான் திருட்டு என்றே சொல்வேன். நன்றி போட்டால் எதுவும் ஆகுமானது என்ற நம்பிக்கை நம் எழுத்துலகில் வெகு காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி வேறு, அனுமதி வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த பதிப்புரிமை ஆணையின் 15-ஆவது பிரிவு செய்திப் பதிப்பாளர்களுக்குத் தனி உரிமை கொடுத்தது. அதற்கு 'லிங்க் வரி' என்ற பட்டப்பெயர் வந்துவிட்டது. ஆனால் பிரிவைப் படித்தால், லிங்க் கொடுப்பதற்கு அது பொருந்தாது என்றும், தனிச் சொற்களுக்கும் மிகச் சிறு பகுதிகளுக்கும் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் 2021, 2023-இல் கொண்டுவந்த, செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டங்களும் ராட்சத நிறுவனங்களைக் குறிவைத்தவை. கனடாவில் மெட்டா நிறுவனம் தன் தளங்களில் செய்திகளையே நிறுத்திவிட்டது. தனி மனிதர் நடத்தும் தளத்துக்கு இதில் கவலை இல்லை.

அவர்கள் படத்தைக் கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள். சின்னப் படமாக இருந்தாலும் கேட்டு எடுங்கள். பெர்ஃபெக்ட் 10 வழக்கில் தேடுபொறி காட்டும் சிறு படங்கள் நியாயமான பயன்பாடு என்று ஆனது உண்மைதான். நீங்கள் தேடுபொறி நடத்தவில்லை. லோகோவுக்கு வணிகச் சின்னச் சட்டம் வேறு இருக்கிறது. லோகோவைப் பார்ப்பவர், அவர்கள் உங்களோடு கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடும். பெயரை எழுத்தில் போட்டால் போதும்.

படி 5: லிங்க்கைச் சுற்றி என்ன எழுதுகிறீர்கள்?

கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011-இல் குரூக்ஸ் வழக்கில், அவதூறான பக்கத்துக்கு லிங்க் கொடுத்ததாலேயே அவதூறை வெளியிட்டதாக ஆகாது என்றது. ஆனால் அந்த அவதூறை உங்கள் வாக்கியத்திலேயே திருப்பிச் சொன்னால் தப்ப முடியாது. "இன்னார் மீதான குற்றச்சாட்டு பற்றிய செய்தி இங்கே" என்பதற்கும் "இன்னார் செய்த மோசடி இங்கே" என்பதற்கும் நடுவே ஒரு வக்கீல் நோட்டீஸ் தூரம் இருக்கிறது.

காசு வாங்கிக் கொடுத்த லிங்க், வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் லிங்க் என்றால் அதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பல நாடுகளின் விளம்பர விதிகள் இதைக் கேட்கின்றன. தேடுபொறிக்கும் சொல்ல வேண்டும்: 2005-இல் வந்த 'நோ-ஃபாலோ' குறியும், கூகுள் 2019-இல் சேர்த்த 'ஸ்பான்சர்ட்' குறியும் இதற்குப் பயன்படுகின்றன.

படி 6: "அனுமதியின்றி லிங்க் கொடுக்கக் கூடாது" என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருந்தால்?

எழுதியிருப்பதாலேயே அது சட்டம் ஆகிவிடாது. அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர், லிங்க் கொடுக்க ஒரு படிவத்தை நிரப்பி அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தது. 2002-இல் இணையமே கேலி செய்த பிறகு மாற்றிக்கொண்டது. பக்கத்தின் அடியில் யார் கண்ணிலும் படாத விதிமுறை லிங்க் ஒன்று இருந்தால், தளத்தைப் பார்த்தவரெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஆக மாட்டார் என்று 2014-இல் பார்ன்ஸ் அண்டு நோபிள் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். அந்தத் தளத்தில் நீங்கள் கணக்குத் திறந்து "ஏற்கிறேன்" என்று அழுத்தியிருந்தால், அவர்களின் ஏபிஐ சாவியை (நிரல் வழியாகத் தரவு எடுக்கத் தரும் கடவுக்குறியை) பயன்படுத்தினால், கமிஷன் திட்டத்தில் சேர்ந்திருந்தால், அப்போது உங்களுக்கும் அவர்களுக்கும் உண்மையான ஒப்பந்தம் இருக்கிறது. அதில் லிங்க் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அது உங்களைக் கட்டுப்படுத்தும். மீறினால் கணக்கு முடங்கும்.

படி 7: கேட்க வேண்டிய இடத்தில் எப்படிக் கேட்பது?

படம், நீண்ட மேற்கோள், லோகோ, ஃப்ரேம், நாலு பேருக்காகப் பகிர்ந்த கோப்பு. இவற்றுக்குக் கேட்க வேண்டும். கடிதம் நீளமாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். நான் இன்ன தளத்தை நடத்துகிறேன். உங்கள் தளத்தில் இன்ன தலைப்பில் வந்த கட்டுரைக்கு என் பக்கத்தில் லிங்க் கொடுக்கிறேன். அந்தக் கட்டுரையின் இரண்டாவது படத்தையும் லிங்க்கோடு சேர்த்துப் போட விரும்புகிறேன். படத்தின் கீழே உங்கள் பெயர் இருக்கும். என் பக்கத்தில் விளம்பரம் உண்டு. சம்மதம் என்றால் ஒரு வரி பதில் போதும். பெயரை வேறு மாதிரி போட வேண்டுமென்றால் சொல்லுங்கள்."

விளம்பரம் இருப்பதை மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் கொடுத்த அனுமதியும் கெட்டுப்போகும். வந்த பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள். பதில் வரவில்லை என்றால் சம்மதம் இல்லை என்றே பொருள். படம் இல்லாமல் லிங்க் மட்டும் போடுங்கள்.

படி 8: "உங்கள் லிங்க்கை எடுங்கள்" என்று கடிதம் வந்தால்

பதறாதீர்கள், உடனே சண்டைக்கும் போகாதீர்கள். முதலில் காரணத்தைப் பாருங்கள். திருட்டு நகலுக்குப் போகிறது என்று உரிமையாளர் சொன்னால் உடனே எடுங்கள். படி 3-இல் பார்த்தபடி, இனிமேல் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தன் வீட்டு முகவரியோ அந்தரங்கமோ அந்தப் பக்கத்தில் வெளியாகிவிட்டது என்று ஒரு தனிமனிதர் கேட்டால், சட்டம் பார்க்காமல் எடுத்துவிடுவதே மனிதத்தனம். தேடுபொறித் தரவரிசைக்காகப் பழைய லிங்க்குகளை நீக்கித் திரியும் ஏஜென்சிகளின் கடிதமும் வரும். அதில் மிரட்டல் தொனி இருந்தாலும் உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. நிறுவனம் ஒன்று, உங்கள் விமர்சனம் பிடிக்காததால் "எங்கள் தளத்துக்கு லிங்க் கொடுக்கக் கூடாது" என்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வக்கீல் நோட்டீஸாகவே வந்தால் நீங்களும் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

படி 9: மறுபக்கம் நீங்களாக இருந்தால்

உங்கள் பக்கத்துக்கு யாரும் நேராக வரக் கூடாது என்றால் விதிமுறைப் பக்கத்தில் கோபமாக எழுதுவதை விட சர்வரில் இரண்டு வரி எழுதுவது பலன் தரும். லாகின் வைக்கலாம். ஃப்ரேமுக்குள் திறப்பதை, பக்கத்தோடு சர்வர் அனுப்பும் ஒரு ஹெடர் வரியால் தடுக்கலாம். ஹாட்லிங்க்கை, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பார்த்து மறுக்கலாம். ரோபோட்ஸ் கோப்பை மட்டும் நம்பாதீர்கள்: அது தேடுபொறிகள் போன்ற தானியங்கி நிரல்களுக்கான வேண்டுகோள், லிங்க் கொடுக்கும் மனிதர்களை அது ஒன்றும் செய்யாது.

படி 10: கொடுத்த லிங்க்கைக் கவனித்துக்கொள்ளுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை. திறக்காததை விட மோசம், காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கி அங்கே சூதாட்டத் தளம் நடத்துவது. அன்று நல்ல கட்டுரைக்குக் கொடுத்த லிங்க் இன்று உங்கள் வாசகரை எங்கோ தள்ளிவிடும். லிங்க் கொடுக்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து வைக்கலாம். சுருக்கு முகவரிகளைத் தவிர்த்து முழு முகவரியைக் கொடுங்கள். சுருக்கும் சேவை மூடினால் அத்தனை லிங்க்கும் ஒரே நாளில் போகும். அவ்வப்போது செத்த லிங்க்குகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை ஓட்டுங்கள்.

செத்துப்போனதைக் கண்டால், பக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மாறியிருந்தால் புது முகவரி. தளமே மூடிவிட்டது என்றால் ஆர்க்கைவ் பிரதிக்கு மாற்றுங்கள். எழுதியவரே வேண்டுமென்று கட்டுரையை நீக்கியிருந்தால், பொதுப் பதவியில் இருப்பவரின் அறிக்கை போன்ற பொது அக்கறை உள்ள விஷயமாக இருந்தாலொழிய ஆர்க்கைவ் பிரதியைத் தேடிப் போட வேண்டாம். லிங்க்கை எடுத்துவிட்டு, கட்டுரையின் தலைப்பையும் நீங்கள் அதைப் பார்த்த தேதியையும் மட்டும் எழுத்தில் விட்டுவைக்கலாம்.